பத்துக்கு நாலு

நிந்தவூர் நூலகத்தின் சிறுவர் பகுதிக்கு
ஒரு மேசை, ஒரு மின்விசிறி, நான்.
சேதப் பதிவேட்டில் மூன்றே மூன்று நிரல்:
கிழிவு. கறை. கிறுக்கல்.

திங்கட்கிழமை திரும்பி வந்த படப்புத்தகத்தை
மூன்றாவது நிரலில் எழுதப் பேனையைத் திறந்தேன்.
பெயர் றுஸ்னா. தரம் இரண்டு.
சிவப்பு மையால் பன்னிரண்டு பக்கத்தையும்
ஒன்று விடவில்லை.

ஆனால் கிறுக்கல் இப்படி இராது.

பையன் கொய்யாவில் ஏறுகிறான்,
பிள்ளை கீழே பாவாடையை ஏந்திக்கொண்டு நிற்கிறாள்:
அதற்குப் பெரிய பிழைக்குறி.
மேல் கிளையில் இரட்டைப் பின்னலோடு ஒரு தலை;
கால்கள் இடம் போதாமல்
அடுத்த பக்கத்துக்குள் தொங்குகின்றன.

தம்பிக்குப் பட்டம், தங்கைக்குப் பொம்மை:
அரைச்சரி.
பொம்மையின் இடுப்பில் நூல் கட்டி
அதையும் பறக்கவிட்டிருக்கிறாள்.

டொக்டர் ஆண், தாதி பெண்:
இதை மட்டும் என்ன காரணமோ
சரி போட்டு விட்டுவிட்டாள்.

ஏழாம் பக்கத்தில் நின்றுவிட்டேன்.
‘அம்மா சமைக்கிறாள்.
அப்பா பத்திரிகை படிக்கிறார்.’
எனக்கும் இப்படித்தான் படிப்பித்தார்கள்,
‘ள்’ அடுப்படிக்கு, ‘ர்’ கதிரைக்கு.
நாற்பத்து மூன்று வயதுவரை
அந்த ஓரெழுத்து உறுத்தவில்லை.

அடுப்பருகே நின்ற சேலைக்காரிக்குத்
தாடி. தொப்பி. மடித்துக் கட்டிய சாரன்.
கையில் அகப்பை அப்படியே.
பக்கத்தில் சாய்ந்த எழுத்தில்: வாப்பா.
பத்திரிகை பிடித்த மனிசனுக்குக்
கறுப்பு அபாயா, கைப்பை,
தலைக்கு மேலே ஒரு விமானம்,
அதன் ஜன்னல் எல்லாவற்றிலும் ஒரே முகம்.

பின்னட்டையில் மொத்தப் புள்ளி:
பத்துக்கு நாலு. கவனம் போதாது.

தகப்பன் வந்தார்,
லேண்ட்மாஸ்டரை வாசலில் அணைக்காமல்
உதறவிட்டபடி.
விரல் நகங்களில் மஞ்சள்,
சூரை மீன் கழுவிய மணம்.
“தண்டம் எவ்வளவு சேர்?”
“இருநூறு.”
எண்ணி வைத்தார். பிறகு ஏழாம் பக்கத்தைக் கண்டார்.
சிரிப்பார் என்று பார்த்தேன்.
தாடியை ஒருமுறை தடவிக்கொண்டார்.
“இத ஒரு போட்டோ எடுக்கட்டா?
அவவுக்கு அனுப்போணும். றியாத்துக்கு.”

தாள் சுருண்டது.
இரண்டு பெருவிரலாலும் ஓரங்களை
அழுத்திப் பிடித்துக் கொடுத்தேன்.
ஒரு சரிக்குறி விழுந்தது. மற்றதும் விழுந்தது.
நீலமாகவில்லை.

“இப்ப பாக்க மாட்டா,” என்றார்.
“அங்க இது பகல் சாப்பாட்டு நேரம்.
அந்த ஊட்ல பதினாலு பேருக்கு ஆக்கோணும்.”

ஆக, புத்தகம் பொய் சொல்லவில்லை.
அம்மா சமைக்கிறாள்.
எவருடைய அம்மா, எவருடைய அடுப்பு என்பதைப்
படம் வரைந்தவர் எழுதாமல் விட்டுவிட்டார்.

வெள்ளைத்தாள் ஒட்டி மறைக்கச் சொல்கிறது சுற்றறிக்கை.
தாளை அளவாக வெட்டி வைத்தேன்.
பசைப் போத்தல் காய்ந்து கிடந்தது,
அல்லது நான் மூடியைச் சரியாகத் திறக்கவில்லை.

பின்னேரம் வீட்டில்
நசீஹா தேத்தண்ணிக் கோப்பையை
முன்னால் கொண்டுவந்து வைத்தபோது
என் கையில் பத்திரிகை இருந்தது.
அதை எங்கே வைப்பதென்று
கொஞ்ச நேரம்
தெரியவில்லை.