விலை மாற்றும் செலவு

ரொசாரியோவில், ரயில்பாதையை ஒட்டி ஒரு மளிகைக்கடை.
நெலிடாவின் ஆய்வுக்கு ஒரே கேள்வி:
ஒரு விலையை மாற்ற என்ன செலவாகும்?

அன்செல்மோ கரும்பலகையைக் காட்டினார்.
சாக்பீஸ், ஈரத்துணி,
ஏணி ஏறுகையில் வலது முட்டியில் சுருக்கென்று ஒரு வலி.
அவள் ஸ்டாப்வாட்சை அழுத்தினாள்.
மாத்தே இலை, நாற்பத்தொரு விநாடி.
சமையல் எண்ணெய், முப்பத்தெட்டு.
முட்டிக்குக் கட்டம் இல்லை.

மார்ச்சில் வாரம் ஒருமுறை அழித்தார்.
ஜூனில் காலையும் மாலையும்.
ஆகஸ்டில் பலகையில் பெயர்கள் மட்டும்,
எதிரே வெறும் கறுப்பு.

"அப்படியானால் இப்போது செலவே இல்லையா?"

"யார் வந்தாலும் கேட்கிறார்கள், அம்மா.
ஒவ்வொரு முகத்தையும் பார்த்துச்
சொல்ல வேண்டியிருக்கிறது.
அதை அளக்க உங்கள் வாட்சில் முள் உண்டா?"

வெற்றுக் கட்டங்களை மென்பொருள்
பக்கத்துக் கடைகளின் சராசரியால் நிரப்பிக்கொண்டது.
கோடு வழவழப்பாக ஏறியது.
மதிப்பீட்டாளர் இருவரும்
'சுத்தமான தரவு' என்று எழுதினார்கள்.

சில்லறைக்குப் பதில் அவர் கொடுத்த
இரண்டு எலுமிச்சை மிட்டாய்
அவள் மழைக்கோட்டுப் பையில்
உருகி, இறுகி, உறையோடு ஒட்டிக் கிடக்கிறது.
பிரித்தால்
தாள்தான் கிழிகிறது.