ஒரு நூல் உயரம்

பாயான் லெப்பாஸில் இரவு ஷிப்டு முடித்து
ஐந்தேமுக்காலுக்கு வந்ததும்
பால்கனிக் கதவை இழுப்பேன்.
கண்ணாடி, அலுமினியம், கடல் உப்பு.
மாடிக்கே பல் கூசும்.
கீழ்வீட்டு மிஸ்டர் தியோ
மூன்று முறை நிர்வாகத்துக்கு எழுதிப்போட்டார்.

ஞாயிறன்று நோர்லிசாவைக் கூப்பிட்டேன்.
ஆளுக்கொரு பக்கம் பிடித்து
மேலே தூக்கி, அடியை வெளியே சாய்த்து,
காய்ச்சல்காரரைப் போல்
மெத்தையில் கிடத்தினோம்.
தண்டவாளத்தில் என்னென்னவோ.
ஊதுபத்திச் சாம்பல், ஈசல் இறகு,
போன வருஷம் வீட்டையே புரட்டித் தேடிய
மூக்குத்தித் திருகு.
சக்கரம் இரண்டும் ஒருபக்கம் தேய்ந்து
சப்பட்டை.

ஜெலுத்தோங் கடையில் ஜோடி இருபத்திரண்டு ரிங்கிட்.
"எண்ணெய் விடாதே, மண்ணைப் பிடிக்கும்.
சிலிகான் அடி."
திருகாணியைத் திருகத் திருகக்
கதவு ஒரு நூல் எழுந்தது.
ஒற்றை விரலால் தொட்டேன்,
போய்விட்டது.

புதன்கிழமை வாசலில் மிஸ்டர் தியோ,
கையில் பிஸ்கட் பொட்டலம்.
"மூன்று நாளாகச் சத்தமே இல்லை,"
மலாயில் கேட்டார்,
"வேலை போய்விட்டதா?"
அந்தக் கிறீச்சில் எழுந்துதான்
மனைவிக்கு முதல் மாத்திரை கொடுப்பாராம்.

அவர் போனபின்
திருப்புளியோடு கதவடியில் குந்தினேன்.
ஆணியை இறக்கக் கை வரவில்லை.
இருபத்திரண்டு ரிங்கிட்.

இப்போதெல்லாம் ஐந்தேமுக்காலுக்கு
கதவு சத்தமில்லாமல் வழிவிடுகிறது.
பால்கனிக் கம்பியில்
திருப்புளியால் இரண்டு தட்டு.
கீழே ஓர் இருமல்.
பிறகு சுவிட்ச்.