நான்காம் மாடித் திருப்பம்

உலான்பாதர், எங்கள் குடியிருப்பின் படிக்கட்டு.
இருபத்தாறு இடம். இடத்துக்கு இரண்டு சீட்டு.

வாசலில் கிளாவர் ராணி
காலணிப் பனியைத் தட்டுகிறாள்.
தபால் பெட்டிக்குள் டைமன் ஒன்பது
குட்டி போட்டிருக்கிறது.
நான்காம் மாடித் திருப்பத்தில்
பெட்டியோடு ஒச்சிர்.
போய் ஒன்பது வருடம்.

போட்டிக்கு முந்தின இரவு
கண்ணை மூடிப் படிக்கட்டைப் பெருக்குவேன்.
பழைய சீட்டு, பழைய எண்கள்,
ஹாம்பர்க்கில் என்னைக் கவிழ்த்த அந்த எட்டு,
எல்லாம் போகும்.
அவன் போகமாட்டான்.

சரி, நிற்கிறாயா? வேலை செய்.
பெட்டியை இறக்கச் சொல்லி
கைக்கொரு சீட்டாகக் கொடுத்தேன்.
ஒருமுறைகூடக் கீழே விட்டதில்லை.
சமையலறை அலமாரியில் இருக்கும் கோப்பைகளில்
பாதி அவனுடையது.

இன்று இருபத்து மூன்று விநாடி.
அரங்கம் எழுந்து நிற்கிறது.
இரண்டாம் கட்டை அடுக்குகிறேன்:
ராணி, ஒன்பது, வெந்நீர்க் குழாய்மேல் ராஜா...
நான்காம் மாடி.
யாருமில்லை.
பெட்டி இருந்த இடத்தில்
தூசிகூட இல்லை.

கையில் இரண்டே சீட்டு மிச்சம்.
ஸ்பேட் ஏழு, ஆட்டின் மூன்று.
எது முதலில்?
கேட்க ஆளில்லை.
மாற்றி வைத்தேன்.

இரவு, கரிப்புகைக்குள் நடந்து வந்து
நிஜப் படி ஏறினேன்.
நான்காம் மாடியில் பல்பு ஃபியூஸ்.
கொஞ்ச நேரம் அங்கே நின்றேன்.
அடுத்த மாதம் சியோல்.
இந்த இடத்துக்கு
யாரையாவது பார்க்க வேண்டும்.