கிழக்குக் கரை எனக்கு

வீடு அவனுக்கு, கார் எனக்கு.
பூனை யாருடைய தீர்ப்புக்கும் காத்திராமல்
பக்கத்து வீட்டுக்குக் குடிபோய்விட்டது.
வக்கீல் கோப்பை மூடப் போகையில்
திஹமேர் கேட்டான்:
"அந்த நோட்டு?"

பதினோரு வருடம். நாற்பத்து மூன்று கடைகள்.
இடப்பக்கம் அவன் மதிப்பெண், வலப்பக்கம் என்னுடையது,
அடியில் இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்தது.
வெண்ணெய் ஊறி
சில பக்கங்களில் மறுபக்கத்து எழுத்து தெரியும்.
புடாபெஸ்டில் எந்தத் தெருவில் எது இனிக்கும் என்பதற்கு
வேறு வரைபடம் நாங்கள் வைத்துக்கொண்டதில்லை.

கிழிக்க இருவருக்கும் மனம் வரவில்லை.
"நடுவில் ஆறு ஓடுகிறதே" என்றார் வக்கீல்,
கடிகாரத்தைப் பார்த்தபடி.
அப்படித்தான் தன்யூப் எங்கள் பாகப்பிரிவினைக்குச் சாட்சியானது:
மேற்கே மேடெல்லாம் அவனுக்கு,
கிழக்கே சமவெளி எனக்கு.
பாலம் தாண்டி யாரும் தின்னக் கூடாது.
நோட்டை நகலெடுத்துக்கொண்டோம்.
கறைகள் கறுப்பாய் விழுந்தன.

நஷ்டம் எனக்குத்தான்.
கோட்டைக்குப் பின்னால், இறக்கத்துச் சந்தில்,
எத்தெல்கா கடையின் கிரேமெஷ் அவன் பங்கில் போயிற்று.
முள்கரண்டி பட்டதும் மேலடை நொறுங்கும் சத்தத்துக்கு
பக்கத்து மேசைக்காரர் திரும்பிப் பார்ப்பார்.
உள்ளே வெனிலா,
நிற்பதா சாய்வதா என்று ஒரு கணம் யோசிக்கும்.
ஒன்பதரை, ஒன்பதரை.
சண்டையில்லாமல் நாங்கள் ஒத்துப்போன ஒரே பக்கம்.

அதற்கு ஈடாய் ஒன்று
என் கரையில் இல்லாமலா போகும்?
சனிக்கிழமைதோறும் டிராம் ஏறினேன்.
பளிங்கு மேசை, சரவிளக்கு, வாசலில் நீள வரிசை,
கேக்கில் மட்டும் குளிர்பெட்டி வாசம்.
ஏழாம் வட்டாரத்து முற்றமொன்றில்
கசகசாவும் வாதுமையும் ஆப்பிளும் அடுக்கிய துண்டு;
திங்கட்கிழமைக் கூட்டத்தில்கூட
பல்லிடுக்கில் கசகசா இருந்தது.
எட்டு போட்டேன்.
இடப்பக்கம் காலி.
எட்டை இரண்டால் வகுத்தால் நாலு.
பாவம், அந்தக் கடை என்ன செய்தது?

நவம்பர் கடைசியில்
கோபான்யாவில் டயர்க் கடைக்குப் பக்கத்தில்
பெயர்ப்பலகை இல்லாத ஒரு கதவு.
ஜன்னலெல்லாம் ஆவி.
பொங்ராட்ஸ் என்கிற அந்தப் பெரிய ஆள்
முழங்கைவரை சூட்டுத் தழும்போடு
டோபோஷுக்குப் பாகு ஊற்றிக்கொண்டிருந்தார்.
கத்திக்கு வெண்ணெய் தடவி, மூச்சடக்கி,
இறுகுமுன் பன்னிரண்டு கீறல்.
பதம் தப்பினால் அப்புறம் சுத்தியல்தான்.

கோட்டைக் கழற்றும்போது பார்த்தேன்.
மூலையில் ஒரு சாம்பல் முதுகு,
பின்வாரில் ஒரு பொத்தான் இல்லை.
அந்தப் பொத்தான் என் தையல் டப்பாவில் கிடக்கிறது.

எல்லை தாண்டியவன்
எந்தக் கூச்சமும் இல்லாமல் தின்றுகொண்டிருந்தான்.
பாகு மூடியைத் தனியே எடுத்து வைத்து, கடைசியில்.
நான் அதை முதலில் தின்பவள்.
இதற்காக ஒருமுறை மூன்று நாள் பேசாமல் இருந்திருக்கிறோம்.
கூப்பிடலாம் என்று வாய் வரை வந்தது.
என் பில் வந்தது.
அவன் போய்விட்டிருந்தான்.

தட்டின் கீழே ரசீதின் முதுகில், பென்சிலில்:
எட்டேமுக்கால்.

நானும் ஒரு துண்டு கேட்டேன்.
அடுக்கெல்லாம் சரி, சாக்லேட் சரி,
பாகு மட்டும் ஒரு நொடி கூடுதலாய் அடுப்பில் நின்றிருக்கிறது,
ஓரத்தில் கசப்பு.
ஏழு.
சர்க்கரை என்றால் அவனுக்கு எப்போதுமே
கை தாராளம்.

திரும்பும் டிராமில் கண்ணாடி ஆவிமேல் கணக்குப் போட்டேன்.
கூட்டி, இரண்டால் வகுத்து:
ஏழேமுக்காலே அரைக்கால்.
நிறுத்தம் வருவதற்குள் வழிந்துவிட்டது,
நோட்டில் எழுதிக்கொண்டேன்.

ஒப்பந்தத்தை முதலில் மீறியது அவன்தான்,
இதையும் குறித்து வைக்கிறேன்.
எத்தெல்கா சனிக்கிழமைகளில்
பத்து மணிக்குத் திறப்பாள்.
பதினொன்றுக்கெல்லாம் கிரேமெஷ் தீர்ந்துவிடும்.