இரண்டாவது ஆப்ஷன்

கொருக்குப்பேட்டை கேட் மூடியிருந்தது.
சரக்கு ரயில் கடந்து முடிப்பதற்குள்
தேசப்பன் வீட்டை
இரண்டு விதமாகத் திறந்து காட்டிவிட்டேன்.

முதல் ஆப்ஷனில்
அண்ணனுக்கும் தம்பிக்கும் நடுவே முழுச்சுவர்.
அடுத்ததில் அதே சுவர், ஒரு கதவோடு.

கதவை மட்டும் தனியே ஆப்ஷனுக்குள் போட
சாஃப்ட்வேர் ஒப்பவில்லை.
தான் நிற்கிற சுவரையும்
கூட்டிக்கொண்டுதான் வருமாம்.
"செவுத்துல பாதி என்னுது" என்றார் தேசப்பன்.
தம்பி போனில் ஐஸ் விலை பார்த்துக்கொண்டிருந்தார்.
விரல் நீட்டச் சொன்னபோது
இருவர் விரலும் முழுச்சுவரில் முட்டின.

ஒன்றை உறுதி செய்தால்
மற்றது அழிந்துவிடும், சரியா என்று
திரை கேட்டது.
மவுஸ் என் கையில்.

அதுவரை ஹெல்மெட்டை மடியில் வைத்திருந்த
தம்பி பெண்சாதி அஞ்சலாட்சி,
"அந்தக் கதவு எந்தப் பக்கம் தெறக்கும்?" என்றாள்.

யாரும் பதில் சொல்லவில்லை.

"யார் வீட்டுப் பக்கம்னு கேக்கறேன்."

ரயில் இன்னும் போய்க்கொண்டிருந்தது.
உறுதி செய்யாமலே சேமித்தேன்.
ஃபைல் பெயர்: இறுதி நான்கு.
கதவு பாதி திறந்தபடி நிற்கிறது.
தாழ்ப்பாள் இன்னும் வரையவில்லை.