மெஸ் கணக்கு

நோட்டின் மேலட்டையில் மெஸ் கணக்கு என்றுதான் இருக்கிறது.
உள்ளே
வெண்டைக்காய் முன்னூற்றுப் பதினொன்று என்றால்
ஆள் பேசும் குரல்.
கத்தரிக்காய் இருநூற்று எழுபத்தாறே கால் என்றால்
வெறும் இரைச்சல்,
ஆனால் யாரோ பொத்தானை அழுத்தியதால் வந்த இரைச்சல்.
தேங்காய் என்றால் ஒன்றுமில்லை.
பக்கம் பக்கமாகத் தேங்காய்.

ருவைஸில் கம்ப்ரஸர்களுக்கு நடுவே
திருப்புளியின் நுனியை இரும்பில் ஊன்றி
கைப்பிடியைக் காதில் வைத்துக் கேட்பது என் பகல்.
பேரிங் போகப்போகிறதென்று
மீட்டருக்கு முன்னால் எனக்குத் தெரியும்.
அந்தக் காது ராத்திரியில் சும்மா கிடக்க மாட்டேன் என்கிறது.

ஸ்கேனர் உள்ளங்கை அளவு.
வேலை முடிந்து மணிலா போன ஒருவன்
நூற்றிருபது திர்ஹத்துக்குத் தள்ளிவிட்டது.
ஏரியல், சட்டை மாட்டுகிற கம்பி.
மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்கும்
ஏசிப் பெட்டிகளின் சூட்டுக்கும் இடையில்
ஒரு ஆள் குந்துகிற இடம் இருக்கிறது.
தெற்கே விளக்கில்லாத பக்கம்.
வரைபடத்தில் அங்கே மணல் நிறம்,
ஒரு ரோடு வந்து
காரணம் சொல்லாமல் நின்றுவிடுகிறது.

மாட்டினால் என்ன ஆகும் என்று தெரியும்.
முதலில் விசா, பிறகு மற்றதெல்லாம்.
அப்புறம் எதுக்குடா என்றான் சபியுல்லா,
அவனுக்கு மட்டும் தெரியும்.
தூண்டில்காரனைக் கேட்டால் மீன் என்று சொல்லிவிடலாம்.
எனக்கு மீனும் வேண்டாம்.

குவைத்திலிருந்து திருச்சி போகிற விமானம்
நேர்வழி கேட்கும்.
கிடையாது, இடப்பக்கம் திரும்பு என்பார்கள்.
விமானி ஏனென்று கேட்பதில்லை.
நூற்றெண்பது பேர்
தலைக்கு மேலே சாக்லேட்டும் தைலமும் கம்பளியும் அடுக்கிவிட்டு
வாய் திறந்து தூங்கியபடி
எதையோ சுற்றிக்கொண்டு போகிறார்கள்.
அந்த வளைவை வைத்துத்தான்
அது எத்தனை பெரிது என்று கணக்குப் போடுகிறேன்.

மார்ச் பதினேழு. ராத்திரி இரண்டேகால்.
வெண்டைக்காயில் ஒருவன் வந்தான்.
சின்ன வயதுக் குரல், சளி கட்டியிருந்தது.
பத்து என்றான் இங்கிலீஷில்.
ஒன்பது.
எட்டு.
நான் தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.
ஏழு, ஆறு, ஐந்து,
நான்கு.

அவ்வளவுதான்.
தெற்கே எதுவும் எழும்பவில்லை, எதுவும் அணையவில்லை.
ஒரு தும்மல்கூட வரவில்லை.
ஐந்து மணிக்குக் கேம்ப் பஸ் ஹாரன் அடிக்கும்வரை
மூன்றுக்காக உட்கார்ந்திருந்தேன்.
பிறகு எழுதினேன்:
வெண்டைக்காய் நாலு. பாக்கி மூணு.

மாசக் கடைசியில்
நோட்டு இன்னாசி கையில் சிக்கியது.
டியூப்லைட்டுக்கடியில் ஐந்து பேர்.
முன்னூத்திப் பதினோரு திர்ஹத்துக்கு வெண்டைக்காயா?
இந்த மாசம் தட்டிலே வெண்டைக்காயைக் கண்ணால பார்த்தோமா?
தேங்காய் இருபத்திரண்டு, சட்னி எங்கேடா போச்சு?
சபியுல்லா கட்டிலுக்கடியில் செருப்பைத் தேடுகிறவன்போலக் குனிந்துகொண்டான்.
உண்மையைச் சொல்வதைவிடத்
திருடனாக இருப்பது மலிவு.
பர்ஸைத் திறந்து
முன்னூற்றுப் பதினொன்றையும் எண்ணி வைத்தேன்.

வேலவமூர்த்திக்கு அப்போதும் திருப்தியில்லை.
விரலை வைத்துக் காட்டினான்:
பாக்கி மூணுன்னு போட்டிருக்கே, அது?
வர வேண்டியது.
யார்கிட்டேயிருந்து?
தெரியாது.
இதற்கு மட்டும் நான் பொய் சொல்லவில்லை.
இதற்குத்தான் எல்லாரும் சிரித்தார்கள்.

வெள்ளிக்கிழமை
மார்க்கெட் போய்வந்த இன்னாசி
ஒரு பையைச் சமையல் மேடையில் பொத்தென்று வைத்தான்.
மூணு கிலோ வெண்டைக்காய்.
கணக்கு நேராயிடுச்சு, போ என்றான்,
நுனியை ஒடித்துப் பார்த்து முற்றலைத் தனியே பொறுக்கியபடி.

நானும் உட்கார்ந்து ஒடித்தேன்.
ஒவ்வொன்றும் சின்னதாய் ஒரு சத்தம் போட்டது.

அன்றைக்கு மாடியில் தேங்காய்.