லெஃப்ட் பேக்

பதினோரு சீசன் நான் பார்த்தது
கஸ்பாரின் முதுகு.
முகம் கேட்டால் யோசித்துத்தான் சொல்ல வேண்டும்.
முதுகென்றால்,
வலது தோள் ஒரு விரற்கடை தாழ்ந்திருக்கும்,
பனியனில் உப்புப் பூத்து
இரண்டாம் பாதிக்குள் ஏதோ தீவின் படம் மாதிரி ஆகிவிடும்.

மண்டபம் மைதானம் பாதி மணல், பாதி உடைமுள்.
கம்பத்துக்குப் பின்னால் கட்டியது
பழைய சாளை வலை.
கச்சான் அடிக்கும் மாதங்களில்
நாங்கள் உதைத்த பந்து எங்களிடமே திரும்பி வரும்;
அதையும் அவன்தான் வெளியேற்றினான்,
நெற்றியால்.
ஈரத்தோல் பந்தின் லேஸ் முடிச்சு
புருவத்துக்கு மேல் ஒரு தழும்பு வைத்ததாம்.
பிறர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

ஐம்பத்தெட்டில் மதராசுக்குக் கூப்பிட்டார்கள்.
மாகாண அணி. பன்னிரண்டாவது ஆள்.
அப்போது ஆள் மாற்றுவது கிடையாது;
கால் ஒடிந்தால் பத்துப் பேரோடு ஆடுவார்கள்.
மூன்று ஆட்டம்
எலுமிச்சம்பழம் நறுக்கிக் கொடுத்துவிட்டு
போட் மெயிலில் திரும்பினான்.
ஒரு சிவப்புச் சட்டை கிடைத்தது. மடிப்புக் கலையவில்லை.

கணக்கு நோட்டு என்னிடம் இருந்தது:
ஆட்டம் நூற்று அறுபத்து மூன்று.
கோல் ஒன்று.
அந்த ஒன்றும் எங்கள் வலையில்.

தலைமன்னாரில் கப்பலேறி வந்த
துறைமுகக்காரர்களோடு ஆடிய அன்று,
எண்பதாவது நிமிடம்,
சும்மா தூக்கிப்போட்ட பந்து
எனக்கும் அவனுக்கும் நடுவில் விழுந்தது.
'விடு, எனக்கு' என்று கீப்பர் கத்த வேண்டும்.
இரண்டு சொல்.
கத்தினேன், காற்று தின்றுவிட்டது என்று ஊரில் சொன்னேன்.
கத்தவில்லை.
வலது பக்கம் எவனோ ஓடி வருவதைப் பார்த்து
வாய் ஒட்டிக்கொண்டது.
கஸ்பார் திரும்பாமலே குதிகாலால் தள்ளினான்,
நான் இருப்பேன் என்ற இடத்துக்கு.

ஆட்டம் முடிந்து செயலாளர் குதித்தபோது
'கேக்கல' என்று மட்டும் சொன்னான்.
பொய்யுமில்லை.

முழங்கால் போன பிறகு
ரயில்வேயில் பாம்பன் தூக்குப்பாலத்துக்குப் போட்டார்கள்.
வழி அடைத்தே பேர் வாங்கினவனுக்கு
வழி திறக்கிற வேலை என்று
மரைக்காயர் கடையில் சிரித்தார்கள். நானும்.

போன மாசியில், கீழக்கரைச் சங்கு ஏற்றி
நாகப்பட்டினம் போகும் தோணியில்
அந்தத் திறப்பைக் கடந்தேன்.
மேலே இரும்பைத் தள்ளிச் சுற்றும் ஆறு பேரில்
ஒரு முதுகு எனக்குத் தெரிந்தது.
'விடு, எனக்கு' என்று கத்தினேன்,
நெஞ்சு வலிக்க,
இரண்டு தரம்.

கயிறு கேட்கிறேன் என்று நினைத்து
அணியத்தில் நின்ற பையன்
கயிற்றை என் மேல் வீசினான்.